புருகுல மேடம்

சேற்றை முகர்ந்து பார்ப்பதுதான் முதல் வேலை. ஏரிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, நீளக் காம்பு வைத்த தகரக் கரண்டியால் அடிச்சேற்றை வாரி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுக்கிறார். முகம் சுளிப்பதில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று பார்ப்பவரைப் போலச் சற்று யோசித்துவிட்டு, "இன்னும் புளிச்சுக்கினு தான் கீது" என்கிறார். சேறு சல்லடைக்குப் போகிறது. ஏரித் தண்ணீரிலேயே அதை அலசி, மிஞ்சியதை வெள்ளை எனாமல் தட்டில் கவிழ்க்கிறார். தட்டில் குப்பையைத் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாமணத்தால் ஓர் இலைத் துணுக்கை அவர் நகர்த்தினார். அதன் அடியில் சிவப்பு நூல் போல ஒன்று நெளிந்தது.

"வந்துட்டா பாரு மகாராணி."

டாக்டர் ஜெமிமா ஞானசிங்குக்கு அறுபத்தெட்டு வயது. முடியைக் காதுவரை வெட்டியிருக்கிறார். சேலையைத் தூக்கிச் செருகி, காலில் பள்ளிப் பிள்ளைகள் போடும் கேன்வாஸ் ஷூவுடன் ஏரியில் இறங்குகிறார். கரையேறியதும் அந்த ஈர ஷூவோடுதான் காணிப்பாக்கம் சாலையில் ஷேர் ஆட்டோவை நிறுத்துவார். பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பக்தர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள், மரியாதையால் அல்ல, சேற்று நாற்றத்தால். சித்தூர் கடைத்தெருவில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "புருகுல மேடம்" என்றால் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்புறம் உள்ள ஓட்டு வீட்டுக்கு வழி சொல்வார்கள். தெலுங்கில் புருகு என்றால் புழு. பட்டப்பெயரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "பாதி பூச்சிங்க. அதையும் சேத்துப் புழுன்றாங்க."

அந்தச் சிவப்புப் புழுவை அவர் மகாராணி என்பதற்குக் காரணம் இருக்கிறது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது ரத்தப்புழு என்று தெரிந்திருக்கும். "நம்மள மாதிரியே அதுக்கும் ரத்தம் செவப்பு. பிராணவாயு இல்லாத தண்ணியிலயும் பொழச்சிக்கும். மத்ததெல்லாம் செத்துப்போன எடத்துல இவ மட்டும் குடும்பம் நடத்துவா. இவ நெறைய இருந்தா, மத்தவங்க இல்லன்னு அர்த்தம். அந்தே." அவ்வளவுதான் என்பதற்கான அந்தத் தெலுங்குச் சொல்லோடு எந்த விளக்கத்தையும் முடித்துவிடுவார். அதற்கு மேல் கேள்வி கேட்டால் கோபம் வரும்.

மத்தவங்க யார் என்பதை அவருடைய பழைய வரைபடங்களில் பார்த்தேன். நத்தைகள், தட்டான்களின் குஞ்சுகள், எல்லோரையும்விட அவருக்குப் பிடித்த ஒரு சிறு பூச்சி. அதற்கு மூன்று வால்கள். தண்ணீரில் பிராணவாயு கொஞ்சம் குறைந்தாலும் முதலில் செத்துப்போவது அதுதான். அவர் வைத்த பெயர் மூணுவால்காரி. இந்த ஏரியில் அவளை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது.

திருப்பதியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, பெண் பிள்ளை ஏரி ஏரியாக இறங்கினால் நன்றாயிருக்காது, ஆய்வகத்துத் தொட்டியில் மீன் வளர்த்து அதை ஆராய்ச்சி செய் என்று வழிகாட்டி சொன்னாராம். இவர் சைக்கிளில் சல்லடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சித்தூரிலிருந்து நாயுடுபேட்டை வரை எத்தனையோ ஏரிகளின் அடிச்சேற்றை அள்ளிப் பார்த்தார். ஒரு நீர்நிலையின் உடல்நிலையை அதன் அடியில் வாழும் உயிர்களை வைத்தே சொல்லிவிடலாம் என்று இந்தப் பக்கத்தில் முதலில் எழுதியவர் இவர்தான். "பாட்டில்ல புடிச்ச தண்ணி அன்னிக்குச் சேதி சொல்லும். சேறு ஒரு வருஷக் கதைய சொல்லும்" என்பார். முதல் கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழ் வெளியிட்டது. இன்று ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களில் வேலை பார்க்கும் அவருடைய கல்லூரி மாணவர்கள் சல்லடையும் தட்டுமாகத்தான் ஓடையில் இறங்குகிறார்கள். சந்தேகம் வந்தால் போன் செய்கிறார்கள். பாதிப் பேரை அவர் ஒரு தடவையாவது பெயிலாக்கியிருப்பார். அது நியாயந்தானா என்று கேட்டேன். "அப்ப ஒழுங்கா படிக்கல" என்றார்.

எல்லா ஆராய்ச்சியையும் ஆங்கிலத்தில் எழுதியவர், ஓய்வு பெற்ற பிறகு 'சேறு சொன்னது' என்ற புத்தகத்தை மட்டும் தமிழில் எழுதினார். அதில் வருணனையே கிடையாது. இயற்கை அன்னை என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். "அன்னையும் இல்ல, அத்தையும் இல்ல. அது பாட்டுக்குக் கீது. நாமதான் போயி அதும்மேல கொட்றோம்."

கொட்டியது யார் என்ற விஷயத்தில்தான் போன வருஷம் வம்பு வந்தது.

ஏரிக்கு மேற்கே ஒரு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. பெங்களூரா பழம் வரும் காலத்தில், தமிழ்நாட்டில் நாம் கிளிமூக்கு என்போமே அதுதான், ஆலை வாசலிலிருந்து சாலை நெடுக டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பழம் கழுவிய தண்ணீர், தோல், சக்கை, இயந்திரம் கழுவிய சோடாக்காரத் தண்ணீர் எல்லாம் ஒரு கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். இனிப்பு கலந்த தண்ணீர் அழுகும்போது அதிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி விஜயராகவன் இனிப்புப் பெட்டியோடு ஜெமிமாவின் வீட்டுக்கு வந்தார். சென்னைக்காரர். நல்ல பேச்சு.

"மேடம், இந்த மாவட்டத்துக்கே நீங்கதான் முன்னோடி. கூட்டத்துல உங்களுக்குச் சால்வை போட்டு கௌரவிக்கணும்னு எம்.டி. ஆசைப்படறார்."

"கூழு ஆலைக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?"

"உங்க ஆராய்ச்சிய வெச்சுத்தானே மேடம் எங்க அறிக்கையே. ஏரி நல்லா இருக்குன்னு உங்க கணக்கையே போட்டிருக்கோம்."

அறிக்கையை விஜயராகவனே பெருமையாகப் பிரித்துக் காட்டினார். ஏரியின் இன்றைய நிலை என்ற தலைப்பில் நத்தைகளும் தட்டான் குஞ்சுகளும் மூணுவால்காரியும் பட்டியலாக இருந்தார்கள். கீழே ஆதாரமாக ஜெமிமா ஞானசிங் என்று பெயர். எண்கள் எல்லாம் சரி, அவரே எண்ணியவை. ஆனால் அவர் எண்ணியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில். ஆலைக்கு அஸ்திவாரம் கூடப் போடாத காலம். வருஷத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"சால்வ கலர் இன்னா?" என்று மட்டும் கேட்டாராம் ஜெமிமா. வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் விஷயம் அத்தனை சுலபமில்லை. அவருடைய தம்பி இஸ்ரேலுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா ஞானசிங் நட்ட மரங்கள். இஸ்ரேலின் பழம் முழுக்க அந்த ஆலைக்குத்தான் போகும். விஜயராகவன் வந்துபோன சேதி தெரிந்து அவர் அக்காவிடம் வந்தார். அந்தப் பேச்சை இரண்டு பேருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். அதிசயமாக, இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"அக்கா, சால்வய வாங்கிக்கினு கம்முனு குந்திக்கினு இரு. ஒரு மணி நேரம். அவ்ளோதான்."

"என் கணக்க வெச்சே என் வாய மூடறானுங்கடா."

"உன் கணக்கு காயிதத்துல கீது. என் பழம் மரத்துல தொங்கினு கீது. அவன் வாங்கலன்னா எங்க போயி கொட்றது?"

"வாங்க மாட்டான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதான் நானும் போறேன்" என்றார் ஜெமிமா. இஸ்ரேல் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

கூட்டத்தன்று நான் போயிருந்தேன். ஆலை மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். விவசாயிகள்தான் அதிகம். மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேச்சு. ஜெமிமா கேன்வாஸ் ஷூவோடு, துண்டு போட்டு மூடிய எனாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பலகாரம் கொண்டு வந்திருக்கிறார் என்று பக்கத்திலிருந்த பெண் நினைத்தாராம். விஜயராகவன் புகழ்ந்து பேசி மேடைக்கு அழைத்தார். ஜெமிமா ஏறினார். சால்வையோடு வந்த கைகளைப் பார்த்து, "அது அங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு தட்டைக் கொண்டுபோய் அதிகாரியின் முன்னால் வைத்துத் துண்டை எடுத்தார். காலையில் அள்ளிய சேறு. அதில் புழுக்கள் சிவப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"கடிக்காது, பாருங்க" என்றார் ஜெமிமா. "அறிக்கையில என் பேரு போட்டு எழுதினது பொய் இல்ல. நான் எண்ணினதுதான். எண்பத்தேழுல எண்ணினேன். அப்ப எனக்கு முப்பது வயசு. அந்த வருஷத்த எழுதாம வுட்டுட்டாங்க. இது இன்னிக்கு எண்ணினது. இதுல ரத்தப்புழுவத் தவிர ஒண்ணும் இல்ல. என் பேரு போடறதுன்னா இதையும் போடுங்க."

விஜயராகவன் அச்சுப்பிழை என்றார். சரி செய்துவிடலாம் என்றார்.

"அச்சுல சரி பண்ணா மூணுவால்காரி திரும்பி வந்துடுவாளா?"

மைக் நின்றுபோனது. மின்சாரம் போனதா, யாராவது அணைத்தார்களா தெரியாது, மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி முப்பது வருஷம் பேசிய தொண்டை. மைக் இல்லாததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

எதிர்ப்பு ஆலைக்காரர்களிடமிருந்து வரவில்லை. முனிகிருஷ்ணன் என்ற விவசாயி எழுந்தார். ஜெமிமாவை விட வயதில் சின்னவர், வெயிலில் கறுத்த முகம்.

"மேடம், உனக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தபா இந்தப் பழம்தான். ஆலைய மூடிட்டா புழு வந்து வாங்குமா?"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. கைதட்டினார்கள். ஜெமிமா அது அடங்கும்வரை நின்றார்.

"மூடச் சொல்லலப்பா. கழுவின தண்ணிய சுத்தம் பண்ணி வுடச் சொல்றேன்."

"செலவாச்சுன்னு எங்க வெலையில கொறைப்பான்."

"கொறைப்பான்" என்றார் ஜெமிமா. "கொறைக்க மாட்டான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாதத நான் சொல்றதில்ல. ஆனா உன் போர்ல வர்ற தண்ணி இந்த ஏரித் தண்ணிதான். அது எனக்குத் தெரியும்."

முனிகிருஷ்ணன் உட்காரவில்லை. ஜெமிமா சொன்னதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டே இருந்தார்கள். அதிகாரி அடுத்தவரைப் பேச அழைக்கும்வரை அப்படியே இருந்தது. பின்வரிசையில் இஸ்ரேல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே ஆலை வாசலில் இஸ்ரேலின் டிராக்டரைத் திருப்பி அனுப்பினார்கள். பழத்தில் கறை என்று காரணம். மறுநாளும் கறை. வெயிலில் பழம் வெந்தது. மூன்றாம் முறையும் திரும்பி வந்தபோது, இஸ்ரேல் தோப்புக்குப் போகாமல் டிராக்டரை நேராக மிஷன் காம்பவுண்டுக்கு ஓட்டிவந்தார். அக்காவின் கேட் முன்னால் பின்வாங்கி நிறுத்தி, மொத்தத்தையும் அங்கேயே சரித்தார். தெருவே எட்டிப் பார்த்தது.

"உன் புழுவுக்குப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெமிமா அன்று முழுக்கக் கேட்டுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அழுகாத பழங்களைப் பொறுக்கினார். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திக் கொடுத்தார். மாலையில் ஒன்றை அவரும் தின்றாராம், நைனா என்று அவர்கள் அழைத்த அப்பா நட்ட மரத்துப் பழம் என்பதால். அழுதீர்களா என்று கேட்டேன்.

"அது உனக்கு எதுக்கு? அழுதேன்னு வேணா எழுது, அழலன்னு வேணா எழுது. அழுகினது அழுகினதுதான்."

தம்பியைச் சமாதானம் செய்யத் தோப்புக்குப் போனாரா? போனார். தம்பி மனைவி காப்பி கொடுத்தார். இஸ்ரேல் பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டார். மீதிப் பழத்தைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கொண்டுபோய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அக்காவும் தம்பியும் கோயிலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் இஸ்ரேல் பக்கத்திலிருந்தவருக்கு மட்டும் கொடுத்தார்.

"சொன்னது தப்புன்னு சொன்னா வந்துடுவான்" என்றார் ஜெமிமா.

"சொல்லலாமே?"

"தப்பு இல்லியே."

ஆலையின் அறிக்கையை அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் தொட்டி கட்டி முடிக்கும்வரை ஆலையைப் பெரிதாக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தொட்டியும் கட்டினார்கள். வெற்றிதானே என்றேன். "அதிகாரிங்க வந்தா மோட்டார் ஓடுது. போனா தூங்குது" என்றார். அதனால்தான் இன்னும் மாதந்தோறும் ஏரியில் இறங்குகிறார், சேற்றை முகர்கிறார், எண்ணியதை எழுதிப் பத்திரிகைக்கும் அலுவலகத்துக்கும் அனுப்புகிறார். பாராட்டுக் கூட்டங்களுக்குப் போவதில்லை. முழங்கால் வலி இருக்கிறது. டாக்டர் தண்ணீரில் நிற்கக் கூடாது என்றிருக்கிறார். "அவரு எந்தத் தண்ணின்னு சொல்லல" என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காகக் கடைசியாக நான் போனபோது, ஆலைக்காரர்கள் ஏரிக்கரையில் புதிதாக நடைபாதை போட்டு, சிமெண்டு பெஞ்சுகள் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைப் பலகை. தெலுங்கில் பெரிய வெள்ளை எழுத்து: டாக்டர் ஜெமிமா ஞானசிங் பூங்கா. அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஜயராகவனுக்குப் போன் போட்டு எடுக்கச் சொன்னாராம். உங்களுக்குச் செய்கிற மரியாதை மேடம் என்று பதில் வந்தது.

பலகைக்கு நேர் பின்னால்தான் கால்வாய் ஏரியில் கலக்கிறது. அன்றும் நுரை வந்துகொண்டிருந்தது.

ஜெமிமா பையிலிருந்து ஒரு சிறிய கறுப்பு பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறினார். பூங்காவின் காவலாளி துலுக்காணம் ஓடிவந்தார்.

"மேடம், இன்னா பண்றீங்க? அது உங்க பேராச்சே."

"என் பேருதாம்பா. அதான் நானே அழிக்கிறேன்."

துலுக்காணம் ஆலைப் பக்கம் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்த்தார், பிறகு பீடி பற்ற வைக்கிற சாக்கில் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் போயிற்று. ஜெமிமா என்ற பெயரும் போயிற்று. அவசரமில்லாமல், எழுத்தின் வளைவு கூடத் தெரியாதபடி பூசினார். அடுத்த சொல்லுக்கு வந்ததும் கை நின்றது. பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு அவருடைய ஷூவின்மேல் விழுந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டேன். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் உரமூட்டை. இஸ்ரேல். இன்ஜினை அணைக்காமல் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அணைத்தார். இறங்கி வந்தார்.

"நைனா பேர எவனக் கேட்டு எழுதினானுங்க?"

"யாரையும் கேக்கல" என்றார் ஜெமிமா, திரும்பாமல்.

இஸ்ரேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறினார். அக்காவின் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, டப்பாவில் அழுத்தித் தோய்த்து, ஞானசிங் என்ற சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பூச ஆரம்பித்தார்.